மூன்றாம் இருக்கைப் பெண்

ஜூன் 10, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுப் போட்டு எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு. பத்துப் பக்கம் நிறைந்தாலே அதிகம். மேடம் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

மேடம் என்றால் எங்கள் சமூகவியல் துறைப் பேராசிரியர் கிருபா பொன்மணி. அவர்களிடம்தான் இரண்டு வருடம் எம்.ஏ. படித்தேன். இப்போது அவர்களுடைய ஆய்வில் ஒரு மாதத்துக்குக் களப்பணியாளர் வேலை. என்னோடு படித்த ஜன்னத்துக்கும் அதே வேலை.

இன்று காலை எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். "படிவத்துல பையைப் பத்தி எழுதுங்க. நோட்டுல மனுஷங்களப் பத்தி எழுதுங்க. எல்லாம் முடிஞ்ச பெறகு மொத்தமா வாங்கி வாசிப்பேன். நடுவுல எட்டிப் பாக்க மாட்டேன்."

"உங்களப் பத்தியும் எழுதலாமா மேடம்?" என்று கேட்டாள் ஜன்னத். நான் அவள் காலை மிதித்தேன்.

"தாராளமா. பிடிக்கலன்னா அதையும் எழுது."

மேடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும். அவர்கள் கட்டும் பருத்திச் சேலையில் முந்தானையும் கொசுவமும் மட்டும்தான் இஸ்திரி போட்டிருக்கும். உள்ளே சுற்றும் பகுதி முழுக்கச் சுருக்கம். வேறு யாருக்கும் தெரியாது. என் அப்பா இஸ்திரி வண்டி வைத்திருப்பதால் எனக்குத் தெரிகிறது. மேடம், இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜூன் 11, செவ்வாய்

ஆய்வு இதுதான். டவுன் பஸ்ஸில் நிற்பவர் தன் பையை, உட்கார்ந்திருக்கும் யாரென்றே தெரியாத ஒருவர் மடியில் கொடுத்துவிடுகிறார். அவரும் வாங்கி வைத்துக்கொள்கிறார். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இறங்கும்போது பை திரும்பி வந்துவிடுகிறது. யார் யாரிடம் கொடுக்கிறார்கள், யார் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுத வேண்டும். நமக்குத் தினமும் நடப்பதால் நாம் பார்ப்பதே இல்லை என்கிறார்கள் மேடம். "இதுல எத்தன பெரிய நம்பிக்கை இருக்கு தெரியுமா? பேங்க்ல கூட ரெண்டு கையெழுத்துக் கேக்கான்."

என் வழி ஜங்ஷனிலிருந்து வி.எம்.சத்திரம். ஜன்னத்துக்கு மேலப்பாளையம். புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால் உட்கார இடம் கிடைக்கும். பெண்கள் பக்கம், முன்னாலிருந்து மூன்றாவது இருக்கை, ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் எல்லா மடியும் தெரியுமாம்.

முதல் விதி, நாம் யாருடைய பையையும் வாங்கக் கூடாது. அதற்காக ஆளுக்கொரு பெரிய துணிப்பை கொடுத்து, பழைய செய்தித்தாள் அடைத்து, மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மடி நிறைந்திருந்தால் யாரும் எதுவும் தர மாட்டார்கள்.

"நீங்க அந்த பஸ்ஸுலயே இல்லாத மாதிரி இருக்கணும். உங்கள யாரும் கவனிக்கக் கூடாது."

"இசக்கிக்கு அது பொறப்புலயே வரும் மேடம்," என்றாள் ஜன்னத். "கிளாஸ்ல ரெண்டு வருஷம் அப்படித்தான இருந்தா!"

மேடம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

படிவத்தில் 'மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு, முடியாது என்றால் அதில் எழுத வேண்டும்.

ஜூன் 12, புதன்

காலை இரண்டு நடை, மாலை இரண்டு நடை. பதினோரு பைகள். ஒரு சுவர்க் கடிகாரம், டிபன் கேரியர் மூன்று, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒரு வயர் கூடையில் உயிருள்ள கோழி. கோழியை வாங்கிய அம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டார்கள். கோழியும் தூங்கியது. கோழியைப் 'பை' என்று எழுதுவதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "எங்கம்மா இறங்கணும்?" என்றார். சத்திரம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டையா எனக்காகச் சொன்னார். எனக்கு எப்போதும் இப்படித்தான்.

'மறுத்தார்' கட்டம் காலி.

ஜூன் 13, வியாழன்

வண்ணார்பேட்டையில் பச்சைக் கோட்டுப் போட்ட துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஏறினார். கையில் கட்டைப்பை. உள்ளே கனமாக ஏதோ. அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஐந்து மடிகள் காலி. எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தார். பஸ் திரும்பும்போது அது சாய்ந்தது, காலால் பிடித்துக்கொண்டார். பாளை மார்க்கெட் வரை அப்படியே. அதே நிறுத்தத்தில் ஏறிய ஒரு காலேஜ் பிள்ளையிடம், "குடும்மா, நான் வச்சிக்கிடுதேன்" என்று இரண்டு பேர் கை நீட்டினார்கள்.

படிவத்தில் இதை எழுத இடம் தேடினேன். கொடுத்த பைக்குக் கட்டம் இருக்கிறது. வாங்கிய பைக்கு இருக்கிறது. மறுத்ததற்கும் இருக்கிறது. யாருமே கேட்காத பைக்கு இல்லை.

ஜூன் 14, வெள்ளி

செய்தித்தாள் அடைத்த பையை இன்று இருக்கைக்குக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கால் வலித்தது. மடிதான் வலித்தது என்று எழுதினால் சரியாக இருக்குமா, தெரியவில்லை.

பச்சைக் கோட்டு அக்கா அதே நேரத்துக்கு ஏறினார். மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவருடைய பையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். வயது இருபத்து மூன்று இருக்கும். படிவத்தில் முறைப்படி பதிந்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று பத்தொன்பது பைகள். மூன்றாம் இருக்கைப் பெண் மட்டும் நான்கு வாங்கினாள். பச்சைக் கோட்டு அக்காவின் பெயர் மாரித்தங்கம். பையில் இருப்பது மார்க்கெட்டில் வேலை பார்க்கும் எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சமைத்த சாப்பாடு. வாசனையிலேயே தெரிந்தது, இன்றைக்குப் புளிக்குழம்பு.

"ஒனக்கு வேணுமா தாயி?" என்று கேட்டார்கள் அக்கா. அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் ஒரு அப்பளம் அவள் கைக்கு வந்துவிட்டது.

எதிர்ச் சாரியில் இருந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாலை திரும்பி வரும் நடையில் மாரித்தங்கம் அக்காவிடம் நர்ஸம்மாவே, "இங்கன குடுங்க, இந்தப் பிள்ள மடியில எடம் இல்ல" என்று கை நீட்டினார்கள். பதிந்துவிட்டேன்.

கண்டக்டர் இன்று, "சத்திரம்தானம்மா?" என்று அவராகவே கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அவருக்குக் கேட்டது.

ஜூன் 19, புதன்

காலை நடை முடிந்ததும் படிவங்களைக் கொடுக்கத் துறைக்குப் போனேன். முதலாண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று பார்த்தேன்.

மேடம் உள்ளே வந்ததும், "எல்லாரும் எந்திரிங்க, வேற எடத்துல உக்காருங்க" என்றார்கள். இருபத்தாறு பேரும் ஒரு நிமிடம் அசையவே இல்லை. பிறகு மனமில்லாமல் எழுந்து, பக்கத்து இருக்கைக்கு மட்டும் நகர்ந்தார்கள்.

"வந்து பத்து நாள் ஆகல. அதுக்குள்ள யார் பேருல பட்டா போட்டாச்சு?" என்றார்கள் மேடம். "யாரும் ஒதுக்கல. ஆனா யார் எங்க உக்காரணும்னு ஒங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு. அந்தத் தெரிதல் எங்க இருந்து வந்துது? இன்னைக்கு வீட்டுக்குப் போயி யோசிங்க. பாடம் அவ்வளவுதான்." ஐந்தே நிமிடத்தில் வகுப்பை முடித்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடத்தின் பிஎச்.டி. ஆய்வு கல்யாண வீட்டின் முதல் பந்தியைப் பற்றியது. பசியோடு இருப்பவர்கள்கூட முதல் பந்திக்கு ஏன் எழுந்திருப்பதில்லை, யார் முதலில் எழுந்தால் மற்றவர்கள் எழுகிறார்கள் என்று நூற்றுப் பதினேழு கல்யாணத்தில் பார்த்து எழுதியது. "அந்த நாலு வருஷத்துல பதினாலு கிலோ ஏறிட்டேன்" என்பார்கள்.

படிவத்தை மேசையில் வைத்தபோது அங்கே ஒரு விண்ணப்பம் இருந்தது. மதுரையிலிருந்து. மேடத்திடம் பிஎச்.டி. செய்ய ஓர் இடம்தான் காலி. ஜூலை பத்துக்குள் ஆளை முடிவு செய்ய வேண்டும். மதுரைக்காரர் இரண்டு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். போட்டோவில் டை கட்டியிருக்கிறார். வேண்டுமென்று பார்க்கவில்லை. கண்ணில் பட்டது.

ஜூன் 21, வெள்ளி

தேரோட்டம். விடுமுறை. அப்பாவுக்குத்தான் விடுமுறை இல்லை, விடிந்ததிலிருந்து பட்டு வேட்டிகளாக வந்தன. நானும் கரி அள்ளிப் போட்டேன்.

ஒரு நகைக்கடை மேனேஜர் அப்பாவின் வாடிக்கைக்காரர். கடையில் வாசலில் நின்று வருபவர்களை வரவேற்கும் வேலை இருக்கிறதாம். ஜூலை பத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

"நாள் பூரா சிரிச்சிக்கிட்டே 'வாங்க வாங்க'ன்னு சொல்லணும்," என்றார் அப்பா. "ஒனக்கு ஒத்து வருமா புள்ள?"

"வீட்டுக்கு வந்தவங்களையே இவ வாங்கன்னு சொல்ல மாட்டா," என்றாள் அம்மா. "கடை காலியாயிரும்."

அப்பா பெட்டியை வேட்டிமேல் ஓட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நீ என்ன செய்யணும்னு நெனைக்கியோ அதச் சொல்லு. எங்களுக்கு ஒம் படிப்பப் பத்தித் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும்."

எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. சொல்ல வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மேடம் இதுவரை வந்த படிவங்களை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். என்னையும் ஜன்னத்தையும் கூப்பிட்டார்கள். முகம் தேர் பார்த்த பிள்ளையின் முகம் போல இருந்தது.

"ஜன்னத் வழியில முதல் வாரமும் ரெண்டாவது வாரமும் ஒண்ணுபோல இருக்கு. இசக்கி வழியில ரெண்டாவது வாரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு! எப்படின்னு மண்டைய ஒடச்சிக்கிட்டேன். அப்பறம் பாத்தா…" படிவத்தில் விரலை வைத்தார்கள். "இந்த மூணாவது சீட்டுப் பொண்ணு! தனி ஆளா இருபத்தொரு பை வாங்கியிருக்கா. அவ வாங்க ஆரம்பிச்ச பெறகுதான் சுத்தி இருக்கவங்க வாங்குதாங்க. ஒரே ஒரு மடி ஒரு பஸ்ஸையே மாத்தியிருக்கு இசக்கி! நான் பந்தியில தேடுன ஆளு இவதான்!"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் நாற்பத்திரண்டு ஓடுகள்.

"பன்னெண்டாம் தேதி செமினார்ல இதத்தான் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணப் பேட்டி எடுக்கணும். எந்தக் குடும்பம், என்ன படிச்சிருக்கா, எதுக்காக மொத பையை வாங்குனா… எல்லாம் வேணும். நீதான தினமும் பாக்க? நீயே எடு."

"நானா மேடம்?"

"பயப்படாத. நல்ல பொண்ணாத்தான் இருப்பா."

ஜன்னத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 26, புதன்

அந்தப் பெண் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

இன்றும் வரவில்லை. மூன்றாம் இருக்கையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

மதியம் கேன்டீனில் ஜன்னத் இரண்டு டீ வாங்கிவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி. மூணாவது சீட்டு ஜன்னலோரம், யாரோட சீட்டு?"

"நான் உக்காருவேன்."

"அப்ப அந்தப் பொண்ணு எங்க உக்காந்தா? ஒன் மடியிலயா?"

நான் டீயைக் குடித்தேன். சுட்டது.

"அல்லாவே! கோழியையே பைன்னு எழுதுன நேர்மைக்காரி, இப்படிப் பண்ணிட்டியேட்டி!" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளே குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாம விட்டேன்னு வையி, மேடம் அத்தன பேர் முன்னாடி தப்பான கணக்கச் சொல்லுவாங்க. யாராச்சும் 'அந்தப் பொண்ணு யாரு'ன்னு கேட்டா அவங்க என்ன செய்வாங்க?"

"சொன்னா?"

ஜன்னத்துக்குத் தெரியும். எனக்கு அந்த ஓர் இடம் வேண்டும் என்று நான் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதையும் முழு வாக்கியமாகச் சொல்லவில்லை, பாதியில் அவளே முடித்துக்கொண்டாள். முதல் விதியையே மீறி, மீறியதைப் பதிவும் செய்து, தன் பெயரை மறைத்தவளை எந்தப் பேராசிரியர் ஆய்வு மாணவியாக எடுப்பார்? டை கட்டியவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

"டை கட்டுனவன் மடியில யாரு புளிக்குழம்பு வைப்பா?" என்றாள் ஜன்னத்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. மேடம் இந்த நோட்டை வாசிப்பார்கள். இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம். நாளை கிழிக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

கிழிக்கவில்லை. கிழித்தால் தைத்த பக்கத்தில் இன்னொரு தாளும் கழன்றுவிடும்.

ஜூலை 3, புதன்

காலை எட்டு மணிக்கு மேடத்தின் போன். "நானே வாரேன் இசக்கி. முருகன்குறிச்சியில ஏறுதேன். அந்தப் பொண்ண எனக்குக் காட்டு."

செய்தித்தாள் அடைத்த பையை இன்று கவனமாக மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். வண்ணார்பேட்டையில் மாரித்தங்கம் அக்கா ஏறினார்கள்.

"என்ன தாயி, இன்னைக்கு மடி நெறஞ்சிருக்கு?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர்கள் அதைச் 'சும்மா மேல வையுங்க' என்று புரிந்துகொண்டார்கள். சாப்பாட்டுப் பை பழைய பேப்பர் மேல் ஏறியது. நர்ஸம்மா இன்று நின்றுகொண்டு வந்தார்கள், அவர்கள் குடையும் கைப்பையும் அதன்மேல். "இசக்கிட்ட குடு, அந்தப் பிள்ள வாங்கிக்கிடும்" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு வாழைத்தாரைக் கைமாற்றி அனுப்பினார்கள். ஒரு சீப்பு இல்லை, முழுத்தார்.

என் பெயர் இந்த பஸ்ஸில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முருகன்குறிச்சியில் மேடம் ஏறினார்கள். எனக்கு முகம் தெரியவில்லை, வாழைத்தார் மறைத்தது. கொசுவத்தை மட்டும் பார்த்து அடையாளம் கண்டேன்.

"இசக்கி? எங்கம்மா இருக்க?"

"இங்க இருக்கேன் மேடம்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"இன்னைக்கு வரல மேடம்," என்றேன் வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து.

மாரித்தங்கம் அக்கா, "எந்தப் பொண்ணு? எல்லாத்துக்கும் இந்தப் புள்ளதான…" என்று ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். பேச்சு அறுந்தது. டிரைவருக்கு ஆயுசு நூறு.

பிறகு வாழைத்தாருக்கு மேலாக ஒரு கை வந்தது. மேடத்தின் தோல்பை.

"இதையும் வச்சிக்கோ. எனக்குக் கை வலிக்குது."

வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்லூரி நிறுத்தம் வந்தது. பஸ் நிற்காமல் போயிற்று. "எறக்கம் இருக்கு!" என்று நாலு பேர் கத்தினோம். கண்டக்டர் பின்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. அப்போது என் தலைக்குமேல் ஒரு விசில். அப்படி ஒரு விசில். இரண்டு விரலை வாயில் வைத்து மேடம்தான் அடித்தார்கள். பஸ் சட்டென்று நின்றது.

"யாரு விசில் அடிச்சது?" என்று கண்டக்டர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் தம்பி. எங்கப்பா கண்டக்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்."

கண்டக்டர் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நாளைக்கு நான் லீவு போட்டுக்கிடுதேன்க்கா, நீங்க வந்துருங்க." பஸ்ஸே சிரித்தது.

இறங்கியதும் மேடம் சேலையைச் சரிசெய்தபடி நடந்தார்கள். சின்ன வயதில் பரீட்சை லீவில் அப்பாவோடு பஸ்ஸிலேயே சுற்றுவார்களாம். "கூட்டத்துல எந்த வீட்டுப் பையும் எந்த மடிக்கும் போகும்னு நெனைச்சுட்டே வளந்தேன். காலேஜுக்கு வந்த பெறகுதான் எல்லாப் பையும் போகாதுன்னு சந்தேகம் வந்துது. அப்பவும் மடிக்குப் போன பையை மட்டும்தான் கணக்குல எண்ண முடியுது." இதை என்னிடம் சொன்னார்களா, தனக்குத்தானே சொன்னார்களா, தெரியவில்லை.

துறை வாசலில் நின்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். பேட்டிப் படிவம்.

"அந்தப் பொண்ணு வந்தா இதக் குடு. கட்டாயம் இல்லன்னு சொல்லு. ஆனா யாருன்னு தெரியாத ஆள வச்சு என்னால மேடையில பேச முடியாது. எட்டாம் தேதிக்குள்ள வந்தா, அதுக்குத் தக்கன பேச்சை மாத்திக்கிடுவேன். வரலன்னா அந்தப் பகுதிய அப்படியே எடுத்துருவேன்."

"சரிங்க மேடம்."

"அவ வாழைத்தாரத் திருப்பிக் குடுத்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு உடனே, "நீ திருப்பிக் குடுத்துட்டியான்னு கேட்டேன்" என்றார்கள்.

கொடுத்துவிட்டேன் என்றேன். மேடத்துக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

கடைசி நடை. களப்பணி முடிந்தது. மாரித்தங்கம் அக்காவிடம் நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொன்னேன். நானாகச் சொன்னேன், அவர்கள் கேட்காமல்.

"பரவால்ல தாயி. இப்ப நர்ஸம்மா வாங்கிக்கிடுதாவ. அவ்வொ லீவுன்னா அந்தச் சிவப்புச் சுடிதாரு."

ஒரு மாதத்தில் 'மறுத்தார்' கட்டத்தில் ஒன்றுகூட விழவில்லை. ஜன்னத்துக்கும் அப்படியே. "இந்தக் கட்டம் எதுக்குத்தான் போட்டாங்களோ" என்றாள். கேட்டவர் எவரிடமும் யாரும் முடியாது என்று சொல்லவே இல்லை. கேட்காதவர்கள்தான் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். நகைக்கடை வேண்டாம், இன்னும் படிக்க வேண்டும், ஆனால் இடம் கிடைக்குமா தெரியாது என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். பெட்டியை அப்படியே சட்டைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். சட்டைக் கை கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

"கேட்டியா அவங்ககிட்ட?"

"இல்லப்பா."

"கேக்காம அவங்களுக்கு எப்படித் தாயி தெரியும்?"

ஜூலை 8, திங்கள்

மேடம், இன்று இந்த நோட்டையும் பேட்டிப் படிவத்தையும் சேர்த்து உங்கள் மேசையில் வைக்கிறேன். படிவத்தில் எழுதிய பதில்களை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பெயர்: சு. இசக்கியம்மாள்.

வயது: 23.

குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் நீங்களா: ஆமாம்.

எந்த இருக்கையில் உட்கார்வீர்கள், ஏன்: மூன்றாம் இருக்கை. நீங்கள் சொன்னதால். வகுப்பில் உட்கார்ந்தது கதவோரம். சீக்கிரம் வெளியே போகலாம் என்பதால்.

முதல் பையை ஏன் வாங்கினீர்கள்: எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம், அப்பா இஸ்திரி போட்ட துணி மூட்டையை பஸ்ஸில் கொண்டுபோய் வீடுகளில் கொடுப்பது என் வேலை. மூட்டை கசங்கக் கூடாது என்று மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பேன். எல்லோருக்கும் அது என்ன மூட்டை, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். ஒரே ஒரு நாள் ஒரு அம்மா கை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் முகம் நினைவில்லை, மடி நினைவிருக்கிறது. ஊதாப் பூப்போட்ட சேலை, இஸ்திரி போடாதது. ஜூன் 13 அன்று பச்சைக் கோட்டைப் பார்த்தபோது கை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட முடியவில்லை. அதனால் 14 அன்று நீட்டினேன்.

செய்தது தவறு என்று நினைக்கிறீர்களா: வாங்கியது தவறில்லை. அதை வேறு ஒருத்தி செய்ததுபோல் எழுதியது தவறு. என் வழியில் 14ஆம் தேதியிலிருந்து வந்த படிவங்களைத் துறையில் தனியாகக் கட்டி, 'களப்பணியாளரே பை வாங்கியது' என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நர்ஸம்மா என்னைப் பார்த்து வாங்கினார்களா, அவர்களாகவே வாங்கியிருப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள். ஜன்னத்தின் படிவங்கள் சுத்தமானவை. அவளுடைய பேப்பர் பை கடைசிவரை மடியை விட்டு இறங்கவில்லை.

ஆய்வாளரிடம் கேட்க விரும்புவது ஏதேனும்: இரண்டு.

ஒன்று, அடுத்த படிவத்தில் இன்னொரு கட்டம் வேண்டும், யாருமே கேட்காத பைக்கு. யார் கையில் பை இருந்தது, சுற்றி எத்தனை மடி காலியாக இருந்தது, எத்தனை நிறுத்தம் என்று எழுத. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு மாதம் போதாது. நாலைந்து வருடம் ஆகும். திருநெல்வேலி மட்டும் போதாது. நான் பேப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்காருவேன். அல்லது அப்படி உட்காராமல் எப்படி ஆய்வு செய்வது என்று உங்களிடம் கற்றுக்கொள்வேன்.

இரண்டாவதை ஒரு மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கத்தில் எங்கேயும் கேட்கவில்லை. மதுரைக்காரரின் விண்ணப்பம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நான் விண்ணப்பமே எழுதவில்லை. ஆனால் நம் படிவத்தில் 'மறுத்தார்' கட்டம் காலியாக இருக்கிறது. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

மேடம், உங்களிடம் இருக்கும் அந்த ஓர் இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?